டிராமுக்கு விட்டு வைத்த புல்தரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் வீட்டுக்கு அட்லாண்டா போயிருந்தபோது தினமும் பெல்ட்லைன் பாதையில்தான் காலை நடை. அவ்வளவு அருமையான பாதை. அதன் ஓரத்தில் டிராம் விடலாமா கூடாதா என்று ஊரே இரண்டுபட்டு நிற்கிறதாம். நன்றாக இருப்பதை ஏன் கெடுக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: அங்கே முதலில் வந்த யோசனையே டிராம்தான் அம்மா, நடைபாதை பிறகு சேர்ந்தது. அட்லாண்டா நகரின் நடுப்பகுதியைச் சுற்றிப் பழைய சரக்கு ரயில் தடங்கள் பயனின்றிக் கிடந்தன. அவற்றை இணைத்து 22 மைல், அதாவது 35 கி.மீ. வட்டமாக (அதுதான் இன்றைய பெல்ட்லைன்) டிராம் ஓட்டலாம் என்று 1999-ல் ஜார்ஜியா டெக் மாணவர் ரயன் கிராவெல் தம் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார். (அமெரிக்கர்கள் ஸ்ட்ரீட்கார் என்பது, 1953 வரை சென்னையில் ஓடிய அதே டிராம்தான்.) 2005-ல் இதற்கென்று தனி வரி மண்டலம் அமைத்தார்கள். பணமும் நேரமும் குறைவாகப் பிடித்ததால் நடைபாதை முந்திக்கொண்டது. நீங்கள் நடந்த கிழக்குப் பாதையின் முதல் பகுதி 2012-ல் திறந்தது.

அப்போதே கான்கிரீட் பாதையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டு, மறுபக்கத்தை டிராமுக்கென்று விட்டு வைத்தார்கள். வெறும் மண்ணாக விடாமல் புல்லும் செடியும் வைத்தார்கள். பத்து வருடம் பார்த்த கண்ணுக்கு அது பூங்காதானே? பாதையைப் பார்த்தபடி கடைகளும் அடுக்ககங்களும் வந்துவிட்டன. இன்றைய எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. 'இது டிராமுக்கான இடம்' என்று ஆரம்பத்திலேயே பெரிய பலகை வைக்காததன் விளைவு அது.

கேள்வி: நடைபாதை, டிராம் இரண்டும் ஒரே தடத்தில் அடங்க எத்தனை அடி அகலம் தேவை? (வாசகர், கோவை)

பதில்: கூட்டிப் பார்த்துவிடலாம். அட்லாண்டாவில் ஓடும் சீமென்ஸ் எஸ்70 வண்டியின் அகலம் 8 அடி 8 அங்குலம். வளைவில் வண்டியின் நடுவும் முனையும் வெளியே தள்ளும். ஓடும்போது ஆட்டமும் உண்டு. இவற்றோடு மின்கம்பத்துக்கும் இடம் விட்டால் இரட்டைத் தடத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 30 அடி. நடைபாதை 14 அடி. அதன் இருபுறமும் ஒதுங்கி நிற்க இரண்டிரண்டு அடி. பாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வேலியோ புதரோ வைக்கக் குறைந்தது 5 அடி. மொத்தம் 51 முதல் 53 அடி வருகிறது. நிறுத்தம் வரும் இடத்தில் நடைமேடைக்கு இன்னும் 10, 12 அடி.

நேரான வெட்டவெளியில் இது பெரும்பாலும் கிடைத்துவிடும். கழுத்தைப் பிடிப்பது பாலங்கள். கிழக்குப் பகுதியில் பான்ஸ் டி லியான் அவென்யூவுக்கு மேலே பழைய ரயில் பாலம் இருக்கிறது. ஃப்ரீடம் பார்க்வேக்கு அடியில் பாதை நுழைகிறது. மேலே போகும் பாலத்தில் எடை பெரிய கவலை இல்லை, சரக்கு ரயிலைத் தாங்கக் கட்டியதுதான், அகலம்தான் போதாது. அடியில் நுழையும் இடத்தில் தூண்களின் இடைவெளியையும் மின்கம்பியின் உயரத்தையும் முதலில் அளக்க வேண்டும். தெருவிலிருந்து தடத்துக்குத் திரும்பும் முனையும் அப்படித்தான்: இவ்வகை வண்டி திரும்பக் குறைந்தது 25 மீட்டர் ஆரம் வேண்டும். மூலைக் கட்டடம் நடுவில் நின்றால் வரைபடத்தில் அழகாக வளையும் கோடு தரையில் வளையாது.

கேள்வி: தண்டவாளப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் சிக்குமே? ரப்பர் வைத்து அடைத்துவிட முடியாதா? (வாசகர், சேலம்)

பதில்: சிக்கும். அந்தப் பள்ளம் சுமார் 2 அங்குல அகலம். சாதாரண சைக்கிள் டயர் அதற்குள் கச்சிதமாக இறங்கும். ரப்பர் அடைப்பு நாளைக்கு ஓரிரு முறை மெதுவாகப் போகும் கனமான சரக்கு ரயிலுக்குச் சரிவரும். சில நிமிடத்துக்கு ஒரு டிராம் ஓடும் இடத்தில் சீக்கிரம் கிழியும். கிழியாத அளவுக்குக் கெட்டியாக வைத்தால், எடை குறைந்த டிராம் சக்கரத்தையே அது தூக்கிவிடும் அபாயம் உண்டு.

தீர்வு பாதையின் வடிவத்தில்தான் இருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையை வளைத்து 90 பாகைக்கு நெருக்கமாக, எப்படியும் 60-க்குக் குறையாமல், கடக்க வைக்க வேண்டும். சாய்வாகக் கடக்கும் இடங்களில்தான் மழைநாளில் அதிகம் விழுகிறார்கள். இதற்குப் பள்ளம் மட்டும் காரணமில்லை, நனைந்த எஃகும் வழுக்கும். பெல்ட்லைன் போன்ற தனித்தடத்தில் குறுக்கே கடக்கும் இடங்கள் மட்டும்தான் பிரச்சினை. வண்டிகளோடு கலந்து டிராம் ஓடும் தெருவில் முழு நீளமும் பிரச்சினை.

கேள்வி: செலவைக் குறைக்க ஒற்றைத் தடம் போட்டால் என்ன? (வாசகர், மதுரை)

பதில்: போடலாம். ஆனால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் போடுங்கள். 2 மைல் தூரத்தை நிறுத்தங்களோடு கடக்க ஏறக்குறைய 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் விலகுதடம் (எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க விடும் துண்டு இரட்டைத் தடம்) இல்லையென்றால் போன வண்டி திரும்பி வந்த பிறகே அடுத்தது கிளம்ப முடியும்; முனையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணிக்கு ஒன்று. அதற்குள் பாதி வழி நடந்தே போய்விடுவார்கள்.

சால்ட் லேக் சிட்டியின் எஸ்-லைன் இதற்கு நல்ல பாடம். பழைய சரக்குத் தடத்தில் 2 மைல் டிராமும் பக்கத்திலேயே நடைபாதையுமாக 2013 டிசம்பரில் திறந்தது. பெரும்பகுதி ஒற்றைத் தடம் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓட்ட முடிந்தது. 2019-ல் ஒரு பகுதியை இரட்டைத் தடமாக்கிய பிறகே 15 நிமிடமாகக் குறைந்தது. விலகுதடத்தைத் தூரத்தின் நடுவில் வைக்கிறார்கள், அது தவறு. பயண நேரத்தின் நடுவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வண்டி தினமும் மற்றொன்றுக்காகக் காத்து நிற்கும். ஒன்று 3 நிமிடம் தாமதித்தால் எதிர் வண்டிக்கும் அதே 3 நிமிடம் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இப்போது பாதை மட்டும் போட்டுவிட்டு, பணம் வரும்போது டிராம் போடுவதில் என்ன தவறு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வாஷிங்டன் அருகே பெதஸ்டாவுக்கும் சில்வர் ஸ்பிரிங்குக்கும் இடையே அப்படித்தான் நடந்தது. பழைய ரயில் தடம் நடைபாதையானது, மரங்கள் வளர்ந்தன. பர்ப்பிள் லைன் ரயில் வேலைக்காக 2017-ல் பாதையை மூடினார்கள், மரங்களை வெட்டினார்கள், வழக்குகளும் நடந்தன. பாதை வருடக்கணக்கில் மூடியே கிடந்தது.

பிறகுதான் டிராம் என்றால், பாதை போடும்போதே மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். டிராம் வரப்போகும் பக்கத்தில் குடிநீர், கழிவுநீர், மின்கேபிள் எதுவும் ஓடக்கூடாது. பின்னால் அவற்றை நகர்த்துவதுதான் பணத்தை விழுங்கும். மழைநீர் வடிகாலை இரண்டுக்கும் சேர்த்தே அளந்து போட வேண்டும். அட்லாண்டாவின் செம்மண் களி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறினால் அடித்தளம் இறங்கும். மூன்றாவது, டிராம் பக்கத்தில் மரம் நடவே கூடாது, புல் போதும். டிராம் வந்த பிறகும் அந்தப் புல்லை வைத்துக்கொள்ளலாம்: தண்டவாளத்துக்கு ரப்பர் உறை போட்டு, நடுவில் 6 முதல் 8 அங்குலம் மண் நிரப்பி வளர்ப்பார்கள். அந்த உறை அலங்காரத்துக்கு அல்ல. 750 வோல்ட் நேர்மின்னோட்டம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்புகிறது. ஈர மண்ணில் கசிந்தால் அருகிலுள்ள இரும்புக் குழாய்களை அரித்துவிடும்.

கேள்வி: நடைபாதையாக மாறிய தடத்தில் மறுபடி ரயில் விடச் சட்டம் இடம் தருமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அமெரிக்காவில் தரும். 1983-ல் தேசிய பாதைகள் சட்டத்தில் செய்த திருத்தப்படி, கைவிடவிருக்கும் தடத்தை 'ரயில்பேங்கிங்' முறையில் தற்காலிகப் பாதையாக வைத்துக்கொள்ளலாம். ரயில் உரிமை உயிரோடு இருக்கும். அப்படிச் செய்யாமல் முறைப்படி கைவிட்டால், ரயில்காரருக்கு வெறும் வழியுரிமையாக (கடந்து போகும் உரிமை மட்டுமாக) இருந்த நிலம் பக்கத்து நிலக்காரரிடம் போய்விடக்கூடும்.

கேள்வி: அட்லாண்டாவில் கிழக்குப் பகுதி டிராமைக் கைவிட்டதாகச் செய்தி படித்தேன். சரியான முடிவா? (வாசகர், சென்னை)

பதில்: 2014 டிசம்பர் முதல் நகர மையத்தில் ஓடும் 2.7 மைல் டிராமைக் கிழக்குத் தடம் வழியாகப் பான்ஸ் சிட்டி மார்க்கெட் வணிக வளாகம் வரை நீட்டுவது திட்டம். 2016-ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற அரை சென்ட் விற்பனை வரியிலிருந்து பணம். 2025 மார்ச்சில் மேயர் ஆண்ட்ரே டிக்கன்ஸின் நிர்வாகம் அதை விட்டுத் தெற்குப் பகுதிக்கு முன்னுரிமை என்றது.

கார் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் தெற்கிலும் மேற்கிலும் அதிகம் என்ற வாதம் சரியே. ஆனால் கிழக்கு நீட்டிப்புக்கு ஒரு வசதி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் டிராமின் வாலில் அது தொங்கும், அந்த டிராம் பீச்ட்ரீ சென்டர் மெட்ரோ நிலையத்தைத் தொடுகிறது, பணிமனையும் தயார். தெற்கில் தொடங்கினால் வண்டி நிறுத்த, கழுவ, சக்கரம் கடைய எல்லாம் புதிதாக வேண்டும். எனவே தெற்கே போவதானால் மெட்ரோ பாதையை வட்டம் குறுக்கிடும் மர்ஃபி கிராசிங்கில் நிலையத்தைக் கட்டி, அங்கிருந்து தண்டவாளம் போடட்டும்.