புழு நுரையீரல் தசையைத் தின்னுமா?

தின்னாது. கோத்தகிரியில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் சகோதரியே, நீங்கள் எழுதிய மூன்று வார வறட்டு இருமல், இளைப்பு, ஈசினோபில் (புழுத் தொற்றில் கூடும் ரத்த வெள்ளணு) 2,400 ஆகியவற்றோடு, புழு நுரையீரல் தசையைத் தின்னும் என்ற இணையக் காணொளி ஒன்று உங்கள் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது. உருளைப்புழு, கொக்கிப்புழு, ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்னும் நூல்போன்ற புழு ஆகியவற்றின் இளம்புழுக்கள் நுரையீரலைக் கடந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகின்றன, நுரையீரலில் குடியிருப்பதில்லை.

இளைப்புக்குக் காரணம் அந்தத் தசையின் வேலைதான். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசைச் செல்கள் சுருங்கி விரிவதோடு நிற்பதில்லை. புழுவை எதிர்க்கும் செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-4, 13 என்னும் சமிக்ஞைப் புரதங்களை உணர்ந்து, ஈசினோபில்களை வரவழைக்கும் ஈயோடாக்சின் என்ற புரதத்தைத் தாமும் வெளியிடுகின்றன, எளிதில் இறுகவும் செய்கின்றன. மென்தசைச் செல்களில் இன்டர்லூக்கின்-4 ஏற்பி (அதை உணரும் புரதம்) நீக்கப்பட்ட எலிகளில், குடலிலிருந்து புழு வெளியேறுவதே தாமதமானதை 2007இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தசை இப்படி எதிர்ப்பில் பங்கேற்பதால், புழு நுரையீரலைக் கடந்துபோன பின்னும் இளைப்பு சில நாள் நீடிக்கலாம். அதை வைத்து வாழ்நாள் ஆஸ்துமா என்று முடிவுகட்டாதீர்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் கடைசி வரி: மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டெக்ஸாமெத்தசோனைப் பத்து நாளாக விழுங்குகிறீர்கள், இளைப்பும் குறைந்திருக்கிறது. அது குணமல்ல. அந்த ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கி, ஈசினோபில் எண்ணிக்கையையும் இறக்கிவிடும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர் தோலைத் துளைத்து நுழையும் ஸ்டிராங்கிலாய்ட்ஸ், அந்த மூன்று புழுக்களில் தனித்து, வெளியே போகாமலே உடலுக்குள் மறுபடி மறுபடி தொற்றிப் பல ஆண்டுகள் வாழக்கூடியது. எதிர்ப்பு அடங்கினால் கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துச் சென்று உயிரைப் பறிக்கக்கூடும். காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, சளியில் ரத்தம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அவை இல்லாவிட்டாலும் நாளைக் காலையே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாத்திரை அட்டையோடு செல்லுங்கள். அதை நிறுத்தும் முறையை அங்கே முடிவு செய்யட்டும். ஒருமுறை செய்த மலப் பரிசோதனையில் புழு தெரியவில்லை என்பது போதாது. ஸ்டிராங்கிலாய்ட்ஸைக் கண்டறியப் பல நாள் மாதிரிகளோ எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனையோ தேவை என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் ஒற்றை ஆல்பெண்டசோல் குடற்புழு மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தே சிறந்தது, அதையும் மருத்துவர் எழுதித்தர வேண்டும்.