அறநெறிப் பாடசாலையில் 4, 5ஆம் தரப் பிள்ளைகள் ஒரு தவணையில் என்ன படிப்பார்கள்?

மகளை ஞாயிறு காலையில் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடக்கும் அறநெறி (சைவ சமய) வகுப்புக்கு அனுப்பலாமா, அங்கே என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

முக்கியமானது பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, இதே வரிசையில், பார்க்காமல் பாட வேண்டும், அப்புறம் பூசையிலும் பாட விடுவார்கள், பிள்ளையின் கூச்சமெல்லாம் அங்கேதான் போகும். 63 நாயன்மாரில் சிலருடைய கதையும் வரும். கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து கரையேறிய அப்பர் கதை என்றால் வாயைப் பிளந்து கேட்பார்கள். மற்றபடி திருநீறு பூசும் முறை, கோயிலில் கும்பிடும் ஒழுங்கு, அந்தத் தவணைக்குள் வரும் விரதம், பண்டிகை, அவ்வளவுதான். மாசியில் நம் தோட்டங்களில் ஆடும், சிவன் மன்மதனை எரித்த கதையான காமன் கூத்தையும் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது என்பேன்.