அடியில் பாடும் பித்தளை: யூபோனியம் கேள்வி பதில்

குழித்துறைப் பக்கம் ஒரு பேண்டு செட்டில் இருபத்தைந்து வருடமாக யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறேன். சர்ச் தேர்பவனி, கோயில் கொடை, கல்யாண ஊர்வலம் எல்லாம் உண்டு. களியக்காவிளை தாண்டினால் பாட்டு மலையாளமாகும், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கருங்கல், கல்லூரி மாணவர்: அண்ணே, டிரம்பெட் ஊதுகிறவரைத்தான் எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள். உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதில் என்ன சந்தோஷம்?

கேள்வி கொஞ்சம் குத்துகிறது, ஆனால் உண்மைதான். ஒரு மாதா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பல்லவியைப் பாடி, வரிக் கடைசியில் ஒரு நீண்ட ஸ்வரத்தில் நிற்பார்கள். அவர்கள் நிற்கிற அந்த இரண்டு தட்டுக்குள்தான் என் வேலை. கீழிருந்து நாலைந்து ஸ்வரம் ஏறி வந்து அடுத்த வரியின் வாசலில் அவர்களை விட்டுவிட்டு இறங்குவேன். அது எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத, நானாகப் போட்ட பாட்டு. ஒரே பாட்டை ஒரே ராத்திரியில் ஏழு தடவை வாசித்தாலும் ஏழு விதமாகப் போடலாம். டிரம்பெட்காரருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. மெட்டை மாற்றினால் ஊரே அவரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் உடம்பு. கருவியை மடியோடு அணைத்துத்தான் பிடிக்கிறோம். கீழ் ஸ்வரம் ஊதும்போது அது காதில் கேட்பதற்கு முன்னால் விலா எலும்பில் தெரியும். டிசம்பர் ராத்திரியில் பித்தளை சூடாகி வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுகத்தை எப்படிச் சொல்வது? ஒரு தடவை காய்ச்சலில் நான் போகவில்லை. மறுநாள் பெரிய டிரம் அடிக்கிறவர் வந்து, "நேத்து பாட்டெல்லாம் மெலிஞ்சு போச்சு, என்னன்னு தெரியல" என்றார். எனக்கு அது போதும்.

தக்கலை, ஒரு ஆசிரியை: இது சின்ன டியூபாதானே? பாரிடோன் என்றும் ஒன்று சொல்கிறார்களே?

டியூபா குடும்பத்துப் பிள்ளைதான், டீச்சர். ஆனால் குரல் வேறு. குழாயை நீட்டிப்போட்டால் சுமார் 2.7 மீட்டர் வரும். டிரம்பெட்டைப் போல இரண்டு மடங்கு. அதனால் அதைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும். ஊதும் வாயிலிருந்து மணி என்கிற அகன்ற முனைவரை குழாய் விரிந்துகொண்டே போவதால் சத்தத்தில் கூர்மை இருக்காது, உருண்டு வரும். பாரிடோனுக்கும் அதே நீளம்தான். குழாய் ஒடுக்கம், குரலும் கொஞ்சம் மெலிவு. யூபோனியம் என்ற பெயரே இனிய ஒலி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அருமனை, புதிதாகத் தொடங்கிய பேண்டு செட்: மூன்று வால்வு வாங்கலாமா, நாலு வால்வா? மீரட் கருவி தாங்குமா?

காசு இருந்தால் நாலு. ஒவ்வொரு வால்வும் ஒரு துண்டுக் குழாயைச் சேர்த்து ஸ்வரத்தை இறக்குகிறது. ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், இரண்டு துண்டும் கூடினாலும் தேவையான நீளம் வராது; ஸ்வரம் சற்று ஏறி நிற்கும். நாலாவது வால்வு அந்த இடத்தைத் தனியாகவே சரியாகப் பிடிக்கும். இன்னும் கீழே போனால் அதுவும் போதாது. அதற்காகத்தான் இங்கிலாந்தில் பிளெய்க்லி என்பவர் 1874இல் கூடுதல் குழாய் தானாகச் சேருகிற ஈடுகட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்தக் கருவி விலை அதிகம், கனமும் அதிகம். தேர்பவனிக்கு அது தேவையில்லை.

மீரட்டில் 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி முதல் எத்தனையோ பட்டறைகள் உண்டு. நம் நாட்டு பேண்டுகளில் பாதி அங்கிருந்து வந்த பித்தளைதான். எதை வாங்கினாலும் கையில் எடுத்துப் பாருங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டும் குழாயை, கொஞ்சம் உருவுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் வேறு கருவி கேளுங்கள்.

குலசேகரம், பெயர் வேண்டாம் என்றவர்: வால்வு ஒட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

ஐயோ, வேண்டாம் மக்களே! நான் விட்டேன், அனுபவித்தேன். தொடக்கத்தில் வால்வு எண்ணெய் வாங்க மனசில்லாமல் வீட்டுப் புட்டியைக் கவிழ்த்தேன். பகலில் வழுவழுவென்று ஓடியது. கிறிஸ்துமஸ் சமயம், பேச்சிப்பாறைப் பக்கம் ராத்திரி கேரல் ஊர்வலம். குளிர் ஏறியதும் எண்ணெய் உறைந்து, இரண்டாவது வால்வு கீழே போனது போனதுதான். மீதி வீடுகளுக்கெல்லாம் என்னால் வாசிக்க முடிந்த எல்லா ஸ்வரமும் அரைக் கட்டை கீழே. பாட்டுத் தலைவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மெல்லிய வால்வு எண்ணெய் மட்டும் போடுங்கள். லாக்கர் பூச்சுள்ள கருவிக்குக் குத்துவிளக்கு மாதிரி புளியும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

நெய்யாற்றின்கரை, மேடைப் பாடகர்: நான் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறேன். யூபோனியம் ஒத்துவருமா? கமகம் பேசுமா?

வரும். எங்கள் கருவியில் வால்வைத் தொடாமல் ஊதினால் ஆறரைக் கட்டை. ஏழு கட்டைக்குப் பிறகு மறுபடி ஒன்று என்பதால், நீங்கள் ஒரு ஸ்வரம் மேலே நிற்கிறீர்கள். எங்கள் தாளில் எழுதிய 'ரி'யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் அதே ஆறரைக் கட்டைக் கருவிகள் என்பதால், ஒரே தாளை மூவரும் பார்த்து வாசிப்போம்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பதும் இழுப்பதும், பாதி பேசும். உதட்டைத் தளர்த்திக் கொஞ்சம் இழுக்கலாம், வால்வைப் பாதி அழுத்தி வழுக்கலாம். மோகன ராகம் அழகாக உட்காரும். அசைவு அதிகமுள்ள தோடியை நான் தொடுவதில்லை. சாக்சபோனில் கத்ரி கோபால்நாத் செய்ததைக் கேட்டபிறகு ஆசை வந்தது, தைரியம் வரவில்லை.

நாகர்கோவில், ஓய்வுபெற்றவர்: எங்க பாட்டா இரட்சணிய சேனை பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதினாராம். அது இதுவாக இருக்குமா?

இருக்கலாம், அண்ணாச்சி. அந்தச் சேனைக்கு பேண்டுதான் முகவரி. 1878இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் ஃப்ரை என்ற அப்பாவும் மூன்று மகன்களும் ஊதியதில் தொடங்கியது. 1882இல் சேனை இந்தியாவுக்கு வந்தது. அவர்களுடைய பேண்டில் யூபோனியத்துக்கு எப்போதும் மரியாதையான இடம் உண்டு. போட்டோ இருந்தால் பாருங்கள்: மடியில், மணி வானம் பார்த்து, வால்வுகள் நடுவில் என்றால் இதுவாகவே இருக்கலாம்.

திங்கள்சந்தை, ஒரு அம்மா: பையனுக்கு எட்டு வயது. தூக்குவானா? உள்ளே எச்சில் தேங்குமாமே?

நாலைந்து கிலோ இருக்கும், இப்போது வேண்டாம் அம்மா. சின்ன டிரம்பெட் மாதிரியான கார்னெட்டில் தொடங்கட்டும், விரல் வைப்பு ஒன்றுதான், பிறகு மாறுவது சுலபம். எச்சில் என்பது பெரும்பாலும் மூச்சுக்காற்று குளிர்ந்து ஆன தண்ணீர். வடிகுழியைத் திறந்து ஊதினால் போய்விடும். அடுத்தவர் செருப்பில் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு, இரண்டு மாதமாகக் கற்பவர்: பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். எங்கே போய்ப் பழகுவது?

ரப்பர் தோட்டம். பால் எடுத்து முடிந்தபிறகு ஆள் நடமாட்டம் இருக்காது, நிழலும் உண்டு. முதல் பத்து நிமிடம் மெட்டே வேண்டாம், ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை பிடியுங்கள். கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.