விளையாட்டுக்குக் கூலி: வாசகர் கேள்வி - பதில்

வீடியோ கேம் கம்பெனிகளில் தொழிற்சங்கம் தலையெடுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே. திட்டி எழுதியவர்களையும் விட்டுவிடவில்லை.

என் மகன் பி.இ. முடித்துவிட்டு பெங்களூரில் 'கேம் டெஸ்டர்' வேலைக்குப் போகிறேன் என்கிறான். நாள் முழுக்க விளையாடினால் சம்பளமாம். நம்பலாமா?
- ஒரு தாயார், ஈரோடு

வேலை நிஜம்தான் அம்மா, விளையாட்டு என்பதுதான் பொய். நானும் பெங்களூரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அந்த வேலை பார்த்தவள். வெளிநாட்டு ஸ்டூடியோவிலிருந்து சாயங்காலம் புது பில்ட், அதாவது பாதி செய்த கேமின் அன்றைய வடிவம், வரும். என் பங்குக்கு ஒரு கோட்டை. அதன் ஒவ்வொரு சுவரிலும் வீரனை மோதவிட வேண்டும். நடந்து, ஓடி, குனிந்து, குதித்து. எங்காவது சுவருக்குள் புகுந்து பாதாளத்தில் விழுந்தால் அது 'பக்'. எந்த மூலை, எந்த பட்டன், பத்துத் தடவை மோதினால் எத்தனை தடவை விழுகிறான் என்று எழுதி, வீடியோவும் சேர்த்து அனுப்ப வேண்டும். மறுநாள் திருத்திய பில்ட் வரும். அதே சுவர், மறுபடி முதலிலிருந்து.

போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் ப்ராஜெக்ட் முடிந்ததும் வேலை இருக்குமா, ஓ.டி.க்குக் காசு உண்டா என்பதை ஆஃபர் லெட்டரில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஏ.சி. ரூமில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் ஒரு கேடா?
- ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, மதுரை

ஐயா, மில்லில் ஷிப்ட் பார்த்த உங்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் பிடிபடும். 2004 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க கேம் கம்பெனி ஊழியர் ஒருவரைக் கட்டிக்கொள்ளவிருந்த பெண், பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதினார்: காலை 9 முதல் இரவு 10 வரை, வாரம் ஏழு நாளும் வேலை. எப்போதாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு விடுவார்களாம், அதுவும் நன்னடத்தைக்காக! வாரத்துக்கு 85 மணி நேரம், ஓ.டி. கிடையாது. பிறகு வழக்குகள் நடந்து, ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் என்று கம்பெனி கொடுத்து முடித்தது. இந்தத் தொழிலில் இதற்கு 'க்ரஞ்ச்' என்று பெயர்.

இதிலும் அடிமட்டம் டெஸ்டர்கள்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரேவன் என்ற ஸ்டூடியோ, 'கால் ஆஃப் டூட்டி' கேமுக்கு வேலை செய்வது. தாய்க் கம்பெனி ஆக்டிவிஷன் பிளிஸார்ட். 2021 டிசம்பரில் அங்கே 12 டெஸ்டர்களுக்கு கான்ட்ராக்ட் முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். வேலை இருக்கிறது என்று நம்பி, சொந்தச் செலவில் அந்த ஊருக்கு வீடு மாறி வந்தவர்களும் அதில் உண்டு. மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக்கு அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரி பாபி கோட்டிக்குக்குக் காட்டிய ஊதியக் கணக்கு சுமார் 15.4 கோடி டாலர்.

சங்கப் பேச்சு எழுந்ததும் நடந்ததைக் கேளுங்கள். 2022 ஏப்ரலில் சுமார் 1,100 தற்காலிக டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று கம்பெனி அறிவித்தது. ரேவன்காரர்களுக்கு மட்டும் கிடையாது! சட்டம் இடம் தரவில்லையாம். ஊரெல்லாம் போனஸ் கொடுத்துவிட்டு, கொடி பிடித்தவனை மட்டும் வாசலில் நிறுத்துவதை நீங்கள் பார்க்காததா? அடுத்த மாதமே ரேவனில் ஓட்டெடுப்பு. 19-க்கு 3 என்று சங்கம் ஜெயித்தது. ஆனால் சம்பள ஒப்பந்தம் கைக்கு வர 2025 ஆகிவிட்டது. இடையில் கம்பெனியே மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியிருந்தது.

டப்பிங் பேசுகிறவள் நான். அமெரிக்காவில் கேமுக்குக் குரல் கொடுப்பவர்கள் ஏன் அத்தனை நாள் ஸ்டிரைக் செய்தார்கள்?
- வாசகி, சாலிகிராமம்

2024 ஜூலை 26-ல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் வரை இழுத்தது. அங்குள்ள நடிகர் சங்கம் சாக்-ஆஃப்ட்ரா நடத்தியது. கூலி உயர்வில் பெரிய தகராறு இல்லை. முட்டிக்கொண்டது ஏ.ஐ. விஷயத்தில்தான். ஒரு தடவை பேசிய குரலை வைத்து மெஷின் புது வசனம் பேசினால் யாரைக் கேட்க வேண்டும், யாருக்குக் காசு? கேம் பாத்திரங்களின் அசைவுக்காக உடம்பில் சென்சார் மாட்டிக்கொண்டு ஓடி விழுந்து சண்டை போடுகிறவர்களுக்கும் இதே கேள்வி. முடிவில் 15.17 சதவீத உயர்வு கிடைத்தது. நகல் எடுக்க சம்மதம் வாங்கியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஸ்டிரைக் நடக்கும்போது அந்தச் சம்மதத்தை நடிகர் நிறுத்திவைக்கலாம். ஆள் வெளியே கொடி பிடிக்க, அவர் குரல் உள்ளே வேலை பார்க்கும் கூத்து நடக்காது. உங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் 'எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்' என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டு நாலு கேள்வி கேளுங்கள்.

சங்கம் வைத்தால் லே-ஆஃப் வராதா?
- எம்.கே., ஓசூர்

வரும். கனடாவின் எட்மண்டனில் பயோவேர் ஸ்டூடியோவுக்காக வேலை பார்த்த கீவேர்ட்ஸ் கம்பெனி டெஸ்டர்கள் 2022-ல் சங்கம் வைக்க ஓட்டுப் போட்டார்கள். 16-க்கு 0! மறு ஆண்டு பயோவேர் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, 13 பேருக்கு வேலை போயிற்று. கான்ட்ராக்ட் கம்பெனியில் சங்கம் வைப்பதில் உள்ள சிக்கலே இதுதான். சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். சங்கம் இருந்தால் போகும்போது கணக்கை முடிக்க உட்கார்ந்து பேச ஆள் உண்டு. அவ்வளவுதான், அதற்கு மேல் நான் கதை விடமாட்டேன்.

சங்கம் வந்தால் கேம் விலை ஏறுமே?
- கல்லூரி மாணவர், திருச்சி

60 டாலரிலிருந்து 70, இப்போது சில கேம் 80. சங்கம் இல்லாத கம்பெனியும்தான் ஏற்றுகிறது, தம்பி.

நம் ஊரில் ஐ.டி. ஊழியர் சங்கம் வைக்கலாமா? ஹெச்.ஆர். முடியாது என்கிறார்.
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

வைக்கலாம். தமிழக அரசே 2016-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஹெச்.ஆர். 'முடியாது' என்பதை எழுத்தில் தருவாரா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். தரமாட்டார். எத்தனை மணிக்கு வந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள் என்பதை ஆபீஸ் லேப்டாப்பில் அல்லாமல் வீட்டு நோட்டில் எழுதி வாருங்கள். பே-ஸ்லிப்பை மாதாமாதம் இறக்கி வையுங்கள். லாகின் போனால் அதுவும் போய்விடும்.

கேம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா?
- எஸ்., காரைக்குடி

இல்லை. எங்கள் கம்பெனி பெயர் வந்தது, எழுத்துப்பிழையோடு. அதையும் பக் என்று எழுதி அனுப்பினேன். 'திருத்தத் தேவையில்லை' என்று போட்டு மூடிவிட்டார்கள்.