ஆரஞ்சு கேபிளில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெட்ரோல், டீசல் வண்டிகளில் பல வருடம் வேலை பார்த்தவன். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டிப் பயிற்சியில் சேரப்போகிறேன். பழைய அனுபவம் கைகொடுக்குமா?

பதில்: தாராளமாக. பிரேக், சஸ்பென்ஷன், கூலன்ட், ஏசி எல்லாம் இதிலும் உண்டு. புதிதாக வேண்டியது மின்சாரம் பற்றிய தெளிவு. ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயர் வோல்டேஜ் ஓடும் கேபிள். சேர்வதற்கு முன்பே 12 வோல்ட் வயரிங்கில் வோல்டேஜ் டிராப் (வயரிலும் இணைப்புகளிலும் எவ்வளவு வோல்டேஜ் இழக்கப்படுகிறது என்பது) பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள். உயிரே இல்லை என்று தள்ளிக்கொண்டு வரும் எலெக்ட்ரிக் வண்டியில் பெரிய பேட்டரி நன்றாகவே இருக்கும், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிப் போயிருக்கும். இது அடிக்கடி நடப்பது. பெரிய பேட்டரியை வெளியே இணைக்கும் கான்டாக்டர்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்சுகளை, இழுத்து மூடுவதே அந்த 12 வோல்ட்தான். பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியது ஒன்று: பேட்டரி பேக்கைக் கழற்றி மாட்ட ஒவ்வொரு மாணவருக்கும் வாய்ப்பு உண்டா? படம் காட்டுவதோடு நிற்கும் இடமென்றால் வேண்டாம்.

கேள்வி: வேலைக்கு முன் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்துவிட்டால் போதாதா? அதன்பிறகும் பத்து நிமிடம் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

பதில்: போதாது. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) பிளக்கை எடுத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிவதற்குத்தான் அந்த நேரம். பல வண்டிகளுக்குப் பத்து நிமிடம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

வழக்கமான வரிசை இது. வண்டியை அணைத்து, ஸ்மார்ட் சாவியை வண்டிக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கிளவுஸ், அதன்மேல் தோல் கிளவுஸ் போட்டுக்கொண்டு சர்வீஸ் பிளக்கை எடுத்து உங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெஞ்சில் வைத்தால் விவரம் தெரியாத யாராவது திரும்ப மாட்டிவிடலாம்.

நேரம் முடிந்ததும் மல்டிமீட்டரை முதலில் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் வைத்துப் பாருங்கள். பிறகு இன்வெர்ட்டர் முனைகளில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே, பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் இடையே, மைனஸுக்கும் பாடிக்கும் இடையே அளவெடுங்கள். மூன்றும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். முடித்ததும் மீட்டரை மறுபடி அதே 12 வோல்ட் பேட்டரியில் வையுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மீட்டர் வயர் உள்ளே அறுந்திருந்தாலும் திரையில் பூஜ்ஜியம்தான் தெரியும். அதை நம்பிக் கை வைத்தால் உயிர் போய்விடும். நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்பதுதான் கணக்கு.

கிளவுஸையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும்.

இன்னொன்று: பிளக்கை எடுத்தாலும் பேக்குக்கு உள்ளே மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கிளவுஸைக் கழற்றவே கூடாது.

கேள்வி: பழைய ஹைபிரிட் வண்டியில் ஸ்கேனரில் பி0ஏ80 (P0A80) என்ற கோளாறு கோடு வந்தது; பெரிய பேட்டரி பேக் பழுது என்று அர்த்தம். பேக்குக்குள் இருக்கும் சின்னச் சின்ன பேட்டரிகளான மாட்யூல்களில் கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றினோம். சில மாதத்தில் அதே கோடு திரும்ப வந்துவிட்டது. ஏன்?

பதில்: கெட்டது எது என்று பார்த்தீர்கள், ஏன் கெட்டது என்று பார்க்கவில்லை. இரண்டாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்வோம். 7.2 வோல்ட் நிக்கல் மாட்யூல்கள் 28 வரிசையாக இணைந்து 201.6 வோல்ட். நடுவில் இருப்பவை அதிகம் சூடாகும். பின்சீட்டருகே உள்ள காற்று வழியிலும் விசிறியிலும் தூசி அடைத்திருந்தால் புதிதாகப் போட்டதும் அதே சூட்டில் வேகும். முதலில் விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். மாட்யூல்களை இணைக்கும், பச்சை பூத்த செம்புப் பட்டைகளைப் பளபளவென்று தேய்த்து, நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்குங்கள்.

சும்மா இருக்கும் மாட்யூலில் வோல்டேஜ் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும். ஒவ்வொன்றிலும் 55 வாட் ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். பலவீனமானது மற்றவற்றைவிடச் சட்டென்று இறங்கும். போடப்போகும் மாட்யூலையும் இப்படிச் சோதித்து, மற்றவற்றின் திறனுக்கு நெருக்கமானதாகத் தேர்ந்தெடுங்கள். திறன் வித்தியாசப்பட்டால் வரிசையில் பலவீனமானவைதான் முதலில் காலியாகும், கோடு திரும்ப வரும்.

கேள்வி: எலெக்ட்ரிக் வண்டியில் ஏசி கேஸ் நிரப்பிய பிறகு இன்சுலேஷன் கோடு (உயர் வோல்டேஜ் பாடிக்குக் கசிகிறது என்ற கோளாறு கோடு) வருகிறது. கேபிள்களில் கோளாறு இல்லை.

பதில்: எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். மின் கம்ப்ரஸருக்குள் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்திருக்கும். அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ ஆயில் வேண்டும். சாதாரண வண்டியின் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். முன்பு பிஏஜி ஓடிய, கேஸ் நிரப்பும் மெஷின் ஹோஸில் தங்கிய மிச்சமே இதற்குப் போதும்.