கடை கார்டு பில்லும் நம் பற்று நோட்டுப் பழக்கமும்

ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ நாகர்கோவில் பக்கம் பெரிய கடை எதற்குள் நுழைந்தாலும், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருப்பார்கள். டை கட்டிய ஒரு பையன் நிற்பான். "சார், எங்க கடை கார்டு ஒண்ணு எடுத்துக்கோங்க, இன்னைக்கு பில்லுலயே ஐந்நூறு ரூபா குறையும்." குறையும்தான். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். இந்த முறை அவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கடையில்தான் கார்டு வாங்கினேன். பணத்தை அங்கே கொடுக்கப் போனால் "இங்கே கட்ட முடியாது" என்கிறார்கள். கார்டில் கடையின் பெயர்தானே பெரிதாக இருக்கிறது? (குலசேகரம் வாசகி)

கார்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள் அக்கா. கடையின் பெயரோடு ஒரு வங்கியின் பெயரும் இருக்கும். உங்களுக்குக் கடன் கொடுத்தது அந்த வங்கி. கார்டை அறிமுகப்படுத்துவதோடு கடையின் வேலை முடிந்தது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கொண்டுவந்த கிரெடிட் கார்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: வங்கியோடு சேர்ந்து கூட்டு கார்டு தரும் கடை அதை விளம்பரப்படுத்தலாம், விநியோகிக்கலாம், அவ்வளவுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. திங்கள்சந்தையிலும் வடசேரியிலும் பற்று வைத்து வாங்கி வளர்ந்தவர்கள் நாம். மழை பிடித்து ரப்பர் பால்வெட்டு நின்றால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்றால் போதும், கடைக்காரர் நோட்டை மூடி வைப்பார். அந்தப் பழக்கத்தில் கடை கார்டையும் பற்று நோட்டு மாதிரியே நினைத்துக்கொள்கிறோம். இங்கே எதிரில் இருப்பது உங்கள் முகம் தெரியாத ஒரு கணினி.

பணம் கட்ட அந்த வங்கியின் ஆப், நெட் பேங்கிங் இரண்டும் உண்டு. யுபிஐ ஆப்பில் "கிரெடிட் கார்டு பில்" பகுதியிலும் கட்டலாம். அங்கே கடையின் பெயரைத் தேடாதீர்கள், வங்கியின் பெயரைத் தேடுங்கள். கடைசி நான்கு எண் சரியா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கிளையில் ரொக்கமாகக் கட்டினால் சில வங்கிகள் அதற்குத் தனிக் கட்டணம் எடுக்கும்.

பில் 20,000 ரூபாய். 19,500 கட்டிவிட்டேன். பாக்கி 500-தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டேன். அடுத்த பில்லில் வட்டி மட்டும் 800-க்கு மேல் போட்டிருக்கிறார்கள். இது பகல்கொள்ளை இல்லையா? (மார்த்தாண்டம் வாசகர்)

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு சரியாகவே இருக்கிறது. பொறுமையாகப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய பில்படி பொருள் வாங்கியது மார்ச் 5. ஸ்டேட்மென்ட் மார்ச் 18. கடைசித் தேதி ஏப்ரல் 7. வட்டி மாதம் 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 45. நீங்கள் நினைத்தது 500 ரூபாய்க்கு வட்டி விழும் என்று. கார்டு விதியோ வேறு. மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டினால் மட்டுமே வட்டியில்லாக் காலம். ஒரு பகுதி பாக்கி நின்றாலும் அந்தச் சலுகை முழுசாகப் போய்விடும். பெரும்பாலான வங்கிகள் வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே எண்ணும்.

அதனால் மார்ச் 5 முதல் ஏப்ரல் 7 வரை 33 நாள், முழு 20,000-க்கும் வட்டி: சுமார் 814 ரூபாய். அதன்பிறகு ஏப்ரல் 18 வரை 11 நாள், மிச்சம் 500-க்கு: 7 ரூபாய்கூட இல்லை. இரண்டும் சேர்த்து 820 பக்கம். அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், கிட்டத்தட்ட 148. ஆக, 500 ரூபாயைத் தள்ளி வைத்ததற்கு 968 ரூபாய்.

இதோடு நிற்காது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். சோப்பு வாங்கினாலும்தான். எனவே இப்போது வந்திருக்கும் பில்லை ஒரு ரூபாய் விடாமல் கட்டுங்கள், அது தீரும்வரை கார்டை அலமாரியில் வையுங்கள். அதற்கடுத்த பில்லில் மிச்ச வட்டி கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். அதையும் முழுசாகக் கட்டினால் தீர்ந்தது.

கடைசித் தேதி டிசம்பர் 3. அன்று கோட்டாறு சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே விடுமுறை. மறுநாள் கட்டலாமா? (நாகர்கோவில்)

விடுமுறை உங்களுக்கும் எனக்கும்தான். ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைகளுக்கான 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வங்கிக்கே அது விடுமுறை இல்லை. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது, ஞாயிறும் சேர்த்து. தேதி நகராது.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீஸ் போடலாம், சிபில் போன்ற, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களுக்கும் தகவல் சொல்லலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மறந்துபோய் 4-ஆம் தேதி விழித்துக்கொண்டால் உடனே கட்டிவிடுங்கள், லேட் ஃபீஸ் இருக்காது. ஆனால் இது வட்டியிலிருந்தும் காப்பாற்றும் என்று எண்ணி, வேண்டுமென்றே தள்ளிப் போடாதீர்கள். வேறு ஆப் வழியாகக் கட்டினால் பணம் கார்டு கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆவதும் உண்டு. தேர் பார்க்கப் போவதற்கு முன்பே, நவம்பர் கடைசியில் கட்டிவிட்டுப் போங்கள்.

பில்லைத் தானாகவே கட்டும் ஆட்டோ பே போட்டுவிட்டால் கவலை இல்லைதானே? (தக்கலை)

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோ பே போடும்போது "மினிமம் டியூ" (குறைந்தபட்சத் தொகை), "டோட்டல் டியூ" (மொத்தத் தொகை) என்று இரண்டு வட்டம் வந்தது. முதல் வட்டம் ஏற்கெனவே டிக் ஆகியிருந்தது, நான் பார்க்கவில்லை. இரண்டு மாதம் "பணம் செலுத்தப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். மூன்றாவது மாதம்தான் ஸ்டேட்மென்டைத் திறந்தேன். மற்றவர்களுக்கு யோசனை சொல்கிற ஆள் இப்படி வட்டி கட்டியதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

டோட்டல் டியூவைத் தேர்ந்தெடுங்கள். முதல் பில்லுக்கு ஆட்டோ பே அமலாகாமல் இருக்கலாம், அதைக் கையால் கட்டுங்கள்.

விசைப்படகில் வேலை. மே மாதம் கடை கார்டில் ஃபிரிட்ஜ் எடுத்தேன், 40,000. ஜூனில் பில் வந்தது, மீன்பிடித் தடைக்காலம். மினிமம் 2,000 கட்டினால் போதும் என்று கடையில் சொன்னார்கள். பில் தேதியை மாற்றினால் தப்பிக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். (குளச்சல்)

தம்பி, முதலில் மினிமம். 2,000 கட்டினால் லேட் ஃபீஸ் வராது, சிபிலில் கரும்புள்ளி விழாது. வட்டி நிற்காது. மாதம் 3.5 சதவீதம் என்றால் 40,000-க்கு வட்டி 1,400, ஜிஎஸ்டி 252, ஆக 1,652. நீங்கள் கட்டும் 2,000-த்தில் அசலுக்குப் போவது 350 ரூபாய்கூட இல்லை. படகில் ஓட்டை இருக்கும்போது சிரட்டையால் தண்ணீர் இறைக்கிற மாதிரி.

பில் தேதி. ஒருமுறையாவது அதை மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தந்தாக வேண்டும். சம்பளம் 5-ஆம் தேதி வருகிறவருக்கு, கடைசித் தேதியை 10-க்குக் கொண்டுவந்தால் பெரிய உதவி. உங்களுக்கு அது உதவாது. மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். தேதியை எங்கே நகர்த்தினாலும் இரண்டு பில் அதற்குள் விழும். சின்னமுட்டத்துக்காரர்களுக்குக் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவர்களுக்கும் இதே கதைதான், மாதம் மட்டும் வேறு.

என்ன செய்யலாம்? கடைசித் தேதிக்கு முன்பே வங்கியைக் கூப்பிட்டு அந்த 40,000-ஐ மாதத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். தவணை வட்டி பொதுவாகக் கார்டு வட்டியைவிடக் குறைவு. பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டி மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு தவணை தடைக்காலத்திலேயே வரும், அதற்கு மட்டும் பணம் ஒதுக்கினால் போதும். அதுவும் முடியாவிட்டால், வீட்டில் சம்மதித்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் எடுத்து இந்தக் கார்டு கடனை அடைத்துவிடுங்கள். நகையை அடகு வைக்கச் சொல்வது எனக்குப் பிடித்த யோசனை இல்லை. ஆனால் 42 சதவீத வட்டிக்கு முன்னால் அது எவ்வளவோ மேல். கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுத்துச் சமாளிக்க மட்டும் பார்க்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணம், வட்டியும் எடுத்த நிமிடத்திலிருந்தே.

கல்யாணப் பட்டு 12,000-க்கு எடுத்தோம். நிறம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தோம். பில்லில் இன்னும் அந்த 12,000 இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டலாமா? (கருங்கல்)

கடை உங்கள் கையில் என்ன கொடுத்தது என்று பாருங்கள். கார்டுக்கே பணத்தைத் திருப்பிய சீட்டா, "ஆறு மாதத்துக்குள் வேறு துணி எடுத்துக்கொள்ளலாம்" என்ற கிரெடிட் நோட்டா? நோட்டு என்றால் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, 12,000-ஐயும் நீங்கள்தான் கட்ட வேண்டும். கார்டுக்குத் திருப்பியிருந்தால், அது கடைசித் தேதிக்கு முன்பே வந்து சேர்ந்தால் கட்ட வேண்டிய தொகையில் வங்கி கழித்துவிட வேண்டும், அது விதி. தேதி நெருங்கியும் வரவில்லையா? முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பிறகு வருகிற பணம் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், எங்கும் போகாது. கழித்துக் கட்டினால் மேலே மார்த்தாண்டத்துக்காரருக்கு நடந்ததுதான் நடக்கும்.

கணவர் துபாயில். கார்டு அவர் பெயரில், பில் அவர் மெயிலுக்குப் போகிறது, கட்டுவது நான். தேதி தெரியாமல் தவறிவிடுகிறது. (அருமனை)

பில் கட்ட அவருக்கு வரும் ஓடிபி பொதுவாகத் தேவைப்படாது, கார்டு எண் இருந்தால் நீங்களே கட்டலாம். ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட் ஏறக்குறைய ஒரே தேதியில்தான் வரும், அதைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இன்னும் நல்லது, அவருடைய மெயிலில் அந்த ஸ்டேட்மென்ட் தானாக உங்களுக்கும் வரும்படி அமைத்துக்கொள்வது. கடையில் வாங்குவதற்கு அவரிடம் வாட்ஸப்பில் ஓடிபி வாங்கிப் போடுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பெயரில் ஆட்-ஆன் கார்டு, அதாவது அவர் கணக்கிலேயே ஒரு கூடுதல் கார்டு கேளுங்கள். அதில் வரும் செலவுக்கும் பொறுப்பு அவர்தான்.

கார்டே வேண்டாம். எப்படி ஒழிப்பது? (குழித்துறை)

பாக்கியை முழுசாகக் கட்டிவிட்டு, வங்கியிடம் மெயிலிலோ ஆப்பிலோ மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வெட்டிக் குப்பையில் போட்டால் மூடியதாக ஆகாது, ஆண்டுக் கட்டணம் வந்து நிற்கும்.

இரண்டு மாதம் கட்டவில்லை, தப்பு என்மேல்தான். இரவு ஒன்பதரைக்கு ஃபோன் செய்து மிரட்டுகிறார்கள். (இரணியல்)

கடன் உங்களுடையது. அதற்காக மிரட்டல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. அழைப்பு வந்த நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதே மெயிலில், எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்றும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.