சையான் 3ஏ-யில் சூரியனைச் சுழற்றுவது: கேள்வி பதில்

சையான் 3ஏ 1993-இல் வந்த கைக்கணினி. 480-க்கு 160 பிக்சல் திரை, இரண்டு பென்சில் பேட்டரி, நிரல் எழுத உள்ளேயே ஓபிஎல் மொழி. அதில் சின்னப் படங்களை அசைய வைப்பது பற்றிக் கொடைக்கானலிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செண்பகனூர் மாணவி: சார், கொடைக்கானல் சூரிய அப்சர்வேட்டரிக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு ஆசை. சூரியனில் கரும்புள்ளி நகர்வதை 48-க்கு 48 பிக்சல் சின்னத்தில் காட்ட வேண்டும். வரைந்து பார்த்தேன், கண்ணாடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. பிரேம்களைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்ட முடியாது. 3ஏ-யில் ஒரு ஸ்பிரைட்டுக்கு, அதாவது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மாறி அசைவு காட்டும் படத் தொகுப்புக்கு, 13 படங்கள்தான் உச்சவரம்பு. ஆனால் உங்கள் சூரியனுக்கு அதுவே போதும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது. ஒரு விளிம்பில் தோன்றும் புள்ளி மறு விளிம்பில் மறைய ஏறக்குறைய 13 நாள். நாளுக்கு ஒரு பிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது.

எறும்பு ஊர்வதற்குக் காரணம், புள்ளியைச் சம தூரத்தில் நகர்த்தியிருக்கிறீர்கள். தட்டில் நகர்ந்தால் சம தூரம், உருண்டையில் அப்படியல்ல. சூரியனின் ஆரம் 20 பிக்சல் என்றால், நடுவிலிருந்து ஒவ்வொரு பிரேமிலும் புள்ளி இருக்க வேண்டிய தூரம் 0, 5, 10, 14, 17, 19, 20. அதாவது 15 பாகைக்கு ஒரு படம். ஆரத்தை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். மறுபக்கமும் இதே எண்கள். நடுவில் விரைந்து, விளிம்பில் தயங்க வேண்டும்.

அகலத்தையும் குறையுங்கள். நடுவில் 5 பிக்சல் அகலம், 14-ஆம் பிக்சலில் 3, 19-இல் 1. உயரத்தில் கை வைக்காதீர்கள். 20-இல் எதுவும் வரையாத வெற்றுப் படம். புள்ளி பின்பக்கம் போயிருக்கும் நாட்களுக்காக முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் மட்டும் நேரத்தை நீட்டிக் கொடுங்கள். மற்றவற்றுக்கு 2 என்றால் இவற்றுக்கு 12 கொடுக்கலாம் (ஒரு வினாடிக்கு 10 என்ற கணக்கு). வடக்கு மேலே இருக்கும்படி வரைந்தால் புள்ளி இடமிருந்து வலமாகப் போக வேண்டும். இதை மாற்றிப் போட்டு அப்சர்வேட்டரிக்காரர்களிடம் காட்டிவிடாதீர்கள்.

பூம்பாறையிலிருந்து ஒருவர்: அண்ணா, பிரேமுக்கு ஒரு முழுச் சூரியனாகப் பதின்மூன்று முறை வரைய வேண்டுமா?

வேண்டாம். வட்டத்தை ஜன்னலில், அதாவது திரையில் உங்கள் நிரல் வரையும் பரப்பில், ஒரே முறை வரைந்துவிடுங்கள். அசையும் ஸ்பிரைட் வெறும் 5-க்கு 5 புள்ளிதான். ஸ்பிரைட்டில் ஒரு படத்தைச் சேர்க்கும் அப்பெண்ட்ஸ்பிரைட் கட்டளையின் கடைசியில் இரண்டு எண்கள் கொடுக்கலாம். அந்தப் படம் எவ்வளவு வலப்புறம், எவ்வளவு கீழே தள்ளி வர வேண்டும் என்பது அவை. மேலே சொன்ன தூரங்களை அங்கேயே எழுதிவிடலாம். புள்ளி நகர்ந்த பின் அடியிலிருந்த படம் தானாகத் திரும்பிவிடும், நீங்கள் அழிக்க வேண்டியதில்லை.

அதே கட்டளை ஒவ்வொரு படத்துக்கும் ஆறு கோப்புப் பெயர்கள் கேட்கும். கறுப்பை இடுவது, கறுப்பை நீக்குவது, கறுப்பைத் தலைகீழாக்குவது. பிறகு சாம்பலுக்கு அதே மூன்று. உங்களுக்கு முதலாவதும் நான்காவதும் போதும், மற்றவற்றை வெற்றாக விடுங்கள். புள்ளியின் நடு கறுப்பு, ஓரம் சாம்பல். அந்த ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது நம் ஊர் அப்சர்வேட்டரியில்தான். சாம்பல் ஓரம் இல்லாமல் கரும்புள்ளி வரைவது ஊருக்கே அவமரியாதை! சாம்பல் தெரிய நிரலின் தொடக்கத்தில் டிஃபால்ட்வின் 1 என்று எழுத மறக்காதீர்கள்.

தாண்டிக்குடி ஆசிரியர்: நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் பாஸ் கட்டளை வைத்து ஓட்டிப் பார்த்தபோது வேகம் சரியாக இருந்தது. அதே எண்களை ஸ்பிரைட்டில் போட்டதும் பாதி வேகமாகிவிட்டது. கருவி பழசாகிவிட்டதா, ஐயா?

கருவிமேல் குற்றமில்லை. பாஸ் கட்டளைக்கு ஒரு வினாடி என்றால் 20. ஸ்பிரைட்டுக்கு ஒரு வினாடி என்றால் 10. எண்களைப் பாதியாக்குங்கள்.

வில்பட்டியிலிருந்து: என்னிடம் 1991-இன் பழைய சீரிஸ் 3 இருக்கிறது. இதெல்லாம் அதில் நடக்குமா?

ஸ்பிரைட் கட்டளைகள் அதில் இல்லை. எல்லாப் பிரேம்களையும் ஒரே நீளப் படமாக வரிசையாக வைத்து, ஜிகாப்பி கட்டளையால் ஒவ்வொன்றாகத் திரைக்கு எடுத்துப் போட்டு நடுவே பாஸ் வையுங்கள். திரை 240-க்கு 80தான், சாம்பலும் கிடையாது. சூரியனைச் சிறிதாக்குங்கள்.

அதே வில்பட்டிக்காரர்: முதல் திரையில் இருக்கும் நிரலின் சின்னமே அசையுமா?

அசையாது. நிரலை மொழிபெயர்க்கும்போது ஒட்டிக்கொண்ட ஒரே படம் அது. அசைவெல்லாம் உங்கள் நிரலின் ஜன்னலுக்குள்தான்.

பண்ணைக்காடு வாசகி: பிரேம்களைத் திருத்தித் திருத்திச் சேமித்தேன், பழையவற்றை உடனுக்குடன் அழித்தும்விட்டேன். ஆனாலும் பிளாஷ் அட்டை நிறைந்துவிட்டது என்கிறது.

பிளாஷ் அட்டையில் அழித்த கோப்பு கண்ணுக்குத்தான் மறையும், இடம் திரும்பாது. அட்டை முழுவதையும் பார்மட் செய்தால்தான் இடம் மீளும். அதற்குமுன் வேண்டியதை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வரைவதும் திருத்துவதும் உள் நினைவகத்தில் நடக்கட்டும், முடிந்ததை மட்டும் அட்டைக்கு அனுப்புங்கள். ஆனால் உள் நினைவகம் பேட்டரியை நம்பி இருப்பது. பென்சில் பேட்டரிகளை மாற்றும்போது உள்ளிருக்கும் சிறு லித்தியம் பேட்டரியையும் சேர்த்துக் கழற்றினால் எல்லாம் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பெருமாள்மலையிலிருந்து: மூடியைத் திறக்கும்போது திரையில் கோடுகள் வருகின்றன. பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டதா?

கோடுகள் திறக்கும் கோணத்தோடு மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால் ஈரம் அல்ல, கீலுக்குள் மடிந்து மடிந்து விரிசல் விட்ட தட்டைக் கம்பிப் பட்டை. இந்த மாடலின் பரம்பரை நோய் அது. பட்டையை மாற்றும் வரை மூடியை அடிக்கடி திறந்து மூடாதீர்கள். வேலை நிற்க வேண்டியதில்லை. சையான் நிறுவனமே பழைய டாஸ் கணினிக்காக ஒரு 3ஏ எமுலேட்டர், அதாவது கணினிக்குள் 3ஏ போலவே இயங்கும் நிரல், வெளியிட்டது. இன்றைய கணினியில் பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டால் அதற்குள் ஓடும். சூரியனை அங்கே சுழற்றிப் பாருங்கள், பட்டை வந்ததும் கோப்புகளைக் கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம்.